புரட்டாசியில் ஒரு டிரவுட்

பிள்ளைகளே, நியூ ஜெர்சியில் ஒரு சிற்றாற்றில் முழங்கால் அளவு குளிர்ந்த தண்ணீரில் நிற்கிறேன். இலையுதிர் காலம். பூச்சி போலக் கட்டிய தூண்டில் முள்ளை வீசும்போதெல்லாம் மேப்பிள் இலைதான் மாட்டுகிறது. ஒரு டிரவுட் மீனாவது பிடிக்காமல் வீடு திரும்புவதில்லை.

கரையில் நாயோடு நடந்து வரும் தமிழ் ஆன்ட்டி நின்று சிரிக்கிறார்.

“புரட்டாசில மீனா? வீட்ல உள்ள விடுவாங்களா?”

“சாப்பிடத்தான் கூடாது ஆன்ட்டி. பிடிச்சு ரிலீஸ் பண்ணிடுவேன்.”

“இதுவரைக்கும் இலையைத்தானே ரிலீஸ் பண்றீங்க!”

இலை ஒதுங்கும் பாறைக்குப் பின்னால் வீசுகிறேன். தூண்டில் நரம்பு வெடுக்கென்று இழுக்கிறது. டிரவுட்! தண்ணீருக்குள்ளேயே பிடித்து, முள்ளைக் கழற்றி விடுகிறேன்.

“ஐயோ, போட்டோ எடுக்கலையே! உங்க பசங்க நம்ப மாட்டாங்க.”

“அப்போ இன்னொண்ணு பிடிக்கிறேன், நில்லுங்க.”

மறுபடி வீசுகிறேன்.