எட்டு மாதமும் ஐம்பத்தைந்து கோடி வருடமும்

காமயகவுண்டன்பட்டிக்கு மேற்கே, திராட்சைத் தோட்டங்கள் முடிகிற இடத்தில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. கரிக்குழி என்பார்கள். 1996இல் வெளியூர்க் கம்பெனி ஒன்று பழுப்பு நிலக்கரி கிடைக்கும் என்று நம்பித் தோண்டியது. கிடைக்கவும் செய்தது. ஆனால் எரித்தால் சூட்டைவிடப் புகை அதிகம் வந்தது. இரண்டே வருடத்தில் கம்பெனிக்காரர்கள் கொட்டகை, மோட்டார், தகரம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். பள்ளத்தை ஏற்ற முடியாததால் அது மட்டும் தங்கிவிட்டது.

ஐந்து வருடம் கழித்து கஸ்தூரியம்மாள் என்ற நிலவியல் பேராசிரியை அங்கே வந்தார். பள்ளத்திலுள்ள கனிமங்களுக்கு வயது கண்டுபிடிப்பது அவர் வேலை. கல் சுமக்கவும் வண்டி ஓட்டவும் ஆள் கேட்டார். ஏலத்தோட்டத்துக்குக் கூலியாட்களை ஏற்றிப்போகிற ஜீப்காரன் சாலமன் வந்து நின்றான். ஒன்பது பேர் உட்காரும் ஜீப்பில் பத்தொன்பது பேரை அடைத்துப் பழகியவனுக்குக் கல் ஏற்றுவது ஓய்வு மாதிரி இருந்தது. கற்கள் காற்று வரவில்லை என்று புலம்புவதில்லை.

வயது என்ற பேச்சு வந்தாலே அந்த வருடம் சாலமனுக்குக் காது நீளும். காரணம், பஸ் ஸ்டாண்டில் எஸ்டிடி பூத் வைத்திருந்த சகாயராணி. முப்பத்து நாலு வயதுவரை கல்யாணமே வேண்டாம் என்று திரிந்தவன், தினமும் நாலு தடவை அவள் பூத்துக்குப் போன் பேசப் போனான். பேசத்தான் ஆள் இல்லை. குமுளி மெக்கானிக்கைக் கூப்பிட்டு, நன்றாக ஓடுகிற கிளட்சைப் பற்றிக் கவலையோடு விசாரிப்பான். மூன்றாவது வாரம் மெக்கானிக் சொன்னார்: "மோனே, அந்தப் பொண்ணுகிட்டயே பேசு. எனக்கு ஜோலி கெடக்கு."

பேசினான். அவளும் சரி என்றாள். சாலமனின் தாய் இருதயம்மாள்தான் சரி சொல்லவில்லை.

"அவ ஒனக்கு எட்டு மாசம் மூப்புலே. மூத்தவளக் கட்டிக் கொண்டாந்து நிறுத்துனா ஊரு என்னயச் சிரிக்காதா?"

பள்ளிச் சான்றிதழைக் கேட்டால் கதை வேறு. அதன்படி ராணி அவனைவிடப் பதினாறு மாதம் இளையவள். அந்தக் காலத்தில் ஒன்றாம் வகுப்பில் சேர, வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட்டுக் காட்ட வேண்டும். ராணிக்குக் கை கட்டை. ஏழு வயதில்தான் காது எட்டியது. தலைமையாசிரியர் காதை நம்பி ஐந்து என்று எழுதிக்கொண்டார். அரசாங்கம் ஒத்துக்கொண்ட இந்த வயதை இருதயம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை.

தாய் வராத கல்யாணத்தில் தாலி கட்டமாட்டேன் என்று சாலமன் சொல்லிவிட்டான். ராணியும் ஒன்று சொன்னாள்: "மாதா தேரோட்டத்துக்குள்ள ஒங்காத்தாவச் சம்மதிக்க வையி. இல்லன்னா எங்கண்ணன் பாத்து வச்சிருக்க ஆண்டிபட்டி மாப்பிள்ளைக்குத் தலையாட்டிருவேன். அவரு என்னயவிட ஒம்பது வயசு மூப்பு. யாரும் சிரிக்கமாட்டாக."

இந்த நிலையில்தான் பேராசிரியை, முதல் தடவை கொண்டுபோன கற்களின் முடிவுகளோடு திரும்பி வந்தார். அடிப்பாறைக்கு ஐம்பத்தைந்து கோடி வருடம். அதன் மேல் கிடக்கும் நிலக்கரிக்கு இரண்டு கோடி. கம்பெனி போன பிறகு ஈரச்சுவரில் வெள்ளை ஊசி ஊசியாகப் பூத்த ஜிப்சத்துக்கு ஐந்து. கோடி ஒன்றுமில்லை, வெறும் ஐந்து.

சாலமனுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் டீக்கடையில், கல்லின்மேல் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்த கூலியாள் பலவேசத்தை எழுப்பிவிட்டான்.

"ஏலே, அந்தக் கல்லுக்கு அம்பத்தஞ்சு கோடி வயசு. பெரியவக மேல உக்காந்தா திங்கிற?"

"அப்ப ஒன் ஜீப்புக்கு?"

"அது அதுக்கும் மூப்பு. எந்திரி."

எல்லாம் வயதாகத் தெரிந்த அந்த வேகத்தில், தாயை ஜீப்பில் ஏற்றிக் கரிக்குழிக்கே கொண்டுபோனான். கோடிகளைப் பார்த்தால் எட்டு மாதம் தூசாகத் தெரியும் என்பது அவன் கணக்கு. இருதயம்மாள் பாறையைப் பார்த்தார். கரியைப் பார்த்தார். பிறகு பேராசிரியையைப் பார்த்தார்.

"ஒங்க வீட்டுக்காரருக்கு என்ன வயசும்மா?"

"என்னைவிட நாலு வயசு சின்னவர்."

"அதான் காட்டுல கல்லுப் பொறக்கிட்டுத் திரியுறீக."

கஸ்தூரியம்மாள் சிரித்துவிட்டு ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். பாறைக்குள்ளிருந்து எடுத்த சின்னக் கனிம மணி ஒன்றைப் பல நூறு மடங்கு பெரிதாக்கிய படம். நடுவில் ஒரு கரு, சுற்றி ஓர் ஓரம்.

"இந்த நடுப்பகுதிக்கு இருநூறு கோடி வருஷம். ஓரத்துக்கு அம்பத்தஞ்சு கோடி. ஒரே மணிதான்."

"ஒண்ணுக்கு எப்பிடிம்மா ரெண்டு வயசு? எது நெசம்?"

"ரெண்டும் நிஜம்தான். எந்த வயசு வேணும்னு கேக்குறதைப் பொறுத்தது."

"கேக்குறவக ஒத்துக்கிருவாகளா?"

"எழுதிக் கையெழுத்துப் போட்டா ஒத்துக்குவாங்க."

இருதயம்மாள் படத்தை இன்னொரு தடவை வாங்கிப் பார்த்துவிட்டு ஜீப்பில் ஏறினார். திரும்பும் வழியெல்லாம் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வந்தார். சாலமன் இதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டான். ஆனாலும் நப்பாசையில் கோயிலில் கல்யாண ஓலை கொடுத்தான். ஓலையை மூன்று ஞாயிறு பூசையில் வாசிப்பார்கள். தடை தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும். முதல் இரண்டு ஞாயிறும் இருதயம்மாள் கோயில் பக்கமே வரவில்லை. மூன்றாம் ஞாயிறு பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். தடை சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று சாலமன் முடிவு கட்டினான்.

பங்குச்சாமியார் வாசித்து முடித்ததும் இருதயம்மாள் எழுந்தார்.

"தடையா அம்மா?" என்றார் சாமியார்.

"தடையில்ல சாமி. திருத்தம். மாப்பிள்ளைக்கு முப்பத்து நாலுன்னு எழுதிருக்கீக. முப்பத்தஞ்சர."

"பதிவேட்டில் எப்படி இருக்கிறதோ..."

"அந்த வருசத்துப் பதிவேடக் கரையான் தின்னுருச்சு. பெத்தவ நான் இருக்கேன். என்னய எதுவும் திங்கல."

இங்கேதான் ராணியின் அண்ணன் மரியசூசை, உண்மை விளம்பி, குறுக்கே வந்தார்.

"அது எப்பிடி அத்தே? ராணி ஞானஸ்நானத்தன்னைக்கு எங்க வீட்டுல பிரியாணி தின்னுட்டு, மசக்கையில வாந்தியெடுத்தீகளே. எனக்கு அப்ப எட்டு வயசு. தண்ணி கொண்டாந்து குடுத்தவனே நாந்தான்."

"அது மசக்கையில்ல. ஒங்கப்பன் போட்ட பிரியாணி சரியில்ல."

கோயில் குலுங்கியது. மரியசூசை சிவந்துபோய் எழுந்தார். தேனியிலிருந்து கம்பம் வரை பேர் வாங்கிய சமையல் அவர் அப்பாவுடையது. பிரியாணி நன்றாக இருந்தது என்றால் தங்கை மூத்தவள், கல்யாணம் இல்லை. சரியில்லை என்றால் தங்கைக்குக் கல்யாணம், அப்பாவுக்கு மானம் இல்லை. பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். ராணி முந்தானை நுனியைக் கடித்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

 

"கறி கொஞ்சம் பழசுதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

சாமியார் ஓலையில் முப்பத்தைந்தரை என்று எழுதினார், எதற்கும் இருக்கட்டும் என்று பென்சிலால். கையெழுத்து மட்டும் பேனாவால் போட்டார். ஒரே நிமிடத்தில் ஒன்றரை வயது கூடிப்போன சாலமன், எழுவதா உட்காருவதா என்று தெரியாமல், பூசை முடிகிறவரை பாதி எழுந்த நிலையிலேயே சிரித்துக்கொண்டிருந்தான்.