செர்ரிப்பூப் பார்க்கப் போகாத ஞாயிறு

பிள்ளைகளே, செர்ரிப்பூப் பார்க்கக் கூட்டிப் போவதாகச் சொல்லிவிட்டு ஏன் போகவில்லை என்று இப்போதும் சில வேளை கேட்கிறீர்கள். அப்போது நீங்கள் சின்னப் பிள்ளைகள். இப்போது சொன்னால் விளங்கும்.

போர் முடிந்து இரண்டாம் வருடம் என் அக்கா, உங்கள் மாமி, மூன்று மாத விசாவில் சுவிஸுக்கு, வின்டர்தூரில் இருந்த நம் வீட்டுக்கு வந்தார். வன்னியில் ஷெல் விழுந்து அவருடைய ஒரே மகள் செத்துப்போயிருந்தாள். மூத்தவனின் வயதுதான் அவளுக்கு. இங்கே வந்தும் அக்கா சமைப்பார், பாத்திரம் கழுவுவார், மற்ற நேரம் கதிரையில் குந்தியிருப்பார். வெளியே கூட்டிப் போனால் முகம் கொஞ்சம் தெளியும் என்று நினைத்தேன்.

பாசல் பக்கத்துக் குன்றுகளில் செர்ரி பூத்துவிட்டது என்று வேலையிடத்தில் சொன்னார்கள். ஞாயிறு லீவு கேட்டு வாங்கிக்கொண்டு வந்து வீட்டில் சொன்னேன்.

"பூப் பாக்கவோ?" என்றார் அக்கா. "காய்க்கேக்க போனா ரெண்டு பழமாவது பிடுங்கித் தின்னலாம்."

"காய்க்கேக்க உங்கட விசா முடிஞ்சிடும் மச்சாள். பிறகு பொலிஸ் வந்து உங்களைத்தான் பிடுங்கிக்கொண்டு போகும்," என்றாள் உங்கள் அம்மா.

அக்கா சிரித்தார். இங்கு வந்து அன்றுதான் முதல்முறை. "சரி, வாறன். ஆனா சாப்பாடு நான்தான் கட்டுவன். ரயிலில விக்கிற காஞ்ச பாண் துண்டை என்ர மருமக்கள் தின்னக்கூடாது."

ஞாயிறு காலை சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, அவித்த முட்டை வைத்து ஆளுக்கொரு பார்சல் சுற்றியிருந்தார். எல்லோரும் சப்பாத்துப் போட்டாயிற்று. பையில் அடுக்கும்போது சின்னவள் ஒன்றைத் தூக்கிக் காட்டினாள்.

"மாமி, ஒண்டு கூடக் கிடக்கு. இதில முட்டை தனியாச் சுத்தியிருக்கு. இது ஆருக்கு?"

எனக்குத் தெரியும். குழம்பு பட்ட முட்டையை அக்காவின் மகள் தொடமாட்டாள். முன்பெல்லாம் போனில் அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சலித்துக்கொள்வார்.

"கூடுதலாக் கட்டினது, உள்ளுக்கு வை," என்று உங்கள் அம்மா சமாளித்தாள்.

அக்கா பார்சலை வாங்கிப் பார்த்தார். "கை தன்ர பாட்டில கட்டிப்போட்டுது," என்றார். அப்படியே நிலத்தில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினார். "நீங்கள் போயிட்டு வாங்கோ தம்பி. எனக்கு ஏலாமக் கிடக்கு."

அவரைத் தனியே விட்டுப் போக எங்களுக்கு மனம் வரவில்லை. நீங்கள் ஜாக்கெட்டோடு நின்று அழுதீர்கள். அடுத்த கிழமை முழுக்க மழை, பூவெல்லாம் கொட்டிவிட்டது. விசா முடிந்து விமானம் ஏறும்வரை அக்கா சிரித்ததை நான் காணவில்லை.

அந்த ஞாயிறு மத்தியானம் வீட்டிலேயே பார்சல்களைப் பிரித்துச் சாப்பிட்டோம். அந்த ஒன்றை மட்டும் ஒருவரும் தொடவில்லை. அதைக் குப்பையில் போட எனக்குக் கை வரவில்லை. எடுத்துக்கொண்டு கீழே, கட்டடத்துக்கே பொதுவான உடுப்புத் தோய்க்கும் அறைக்குப் போனேன். ஞாயிறில் அங்கே மெஷின் போட விடமாட்டார்கள், அதனால் ஆட்கள் வருவதில்லை. கதவைச் சாத்திவிட்டு நின்றபடியே சோற்றைத் தின்றேன். பிறகு முட்டையையும்.