சீர்வரிசையில் ஒரு பெட்டி

நெமிலிச்சேரியில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில், என் கணவர் ஒருநாள் பத்திரிகையை உரக்கப் படித்தார். இனி பெண்கள் பிள்ளை சுமக்க வேண்டாமாம். கண்ணாடிப் பெட்டியிலேயே வளர்த்து எடுத்துவிடலாம் என்று சீமையில் ஒரு விஞ்ஞானி சொல்கிறாராம்.

ஏழு மாத வயிற்றோடு நெல் குத்திக்கொண்டிருந்த நான் உலக்கையை நிறுத்தினேன். இனியாவது என் இடுப்பு வலியைப் பற்றி யாராவது பேசுவார்கள் என்று பார்த்தால், மாமனாரின் கவலையே வேறு.

"அந்தப் பொட்டிய யாரு வாங்கறது?"

"மொதப் பிரசவம் பொண்ணு ஊட்டுச் செலவுதானே? அவங்கதான் வாங்கியாரணும்" என்றார் மாமியார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பொட்டியில பொண்ணு பொறந்தா இன்னா பண்ணுவீங்க, அத்தே?"

மாமியார் யோசிக்கவே இல்லை. "பொட்டி ராசியில்லாததுன்னு தள்ளி வச்சிட்டு, எம்புள்ள வேற பொட்டி கட்டிக்குவான்."