அண்ணை-தங்கச்சி வால்ட்ஸ்

லண்டனில் ஐஸில் சறுக்கிச் சோடியாய் ஆடும் ஐஸ் டான்ஸில் ஒரு பெண் பிள்ளைக்குப் பையன் கிடைப்பது, எங்கள் ஆட்கள் மாப்பிள்ளை தேடுவதை விடக் கஷ்டம். ஐஸ் ரிங்க் நிறையப் பெண் பிள்ளைகள் நிற்பார்கள். பையன் ஒருவன் நிற்பான், அவனுக்கும் மனம் புட்போலில் இருக்கும். அதனால் சோடி சேருகிற அன்றைக்கே பையனைப் பெற்றவர்கள் மாப்பிள்ளை வீட்டாராகிவிடுவார்கள்.

நான் இந்தப் போட்டிகளுக்கு நடுவராகப் போகிறேன். சம்பளமில்லாத வேலை. கிழமை நாட்களில் இல்ஃபோர்டில் கணக்கு வேலை, சனிக்கிழமைகளில் மடியில் போர்வையோடு ரிங்கின் ஓரத்தில் குளிரில் விறைக்கிறேன் என்று சொல்லலாம். எங்கள் தேவாலயப் பங்கில் தமிழ்ப் பூசை முடிந்து ஹோலில் தேத்தண்ணி குடிக்கும்போது, "கலியாணம் கட்டாத ஆள் சோடிகளுக்கு மார்க் போடுறா" என்று பகிடி விடுவார்கள். நானும் சிரித்தபடி மீன் ரோல்ஸைக் கடிப்பேன். பகிடிதான், ஆனால் குத்துவதற்கென்றே விடுகிற பகிடி.

கட்டாவிட்டால் என்ன, சோடி எப்படி வளர்கிறது என்று எனக்குத் தெரியும். புதிதாகச் சேர்ந்தவர்கள் தங்கள் கால்களையே பார்ப்பார்கள். பிறகு மற்றவரின் காலைப் பார்ப்பார்கள். இரண்டு பேர் ஒரு கட்டிலை மாடிப்படியால் இறக்குவது போலத்தான் அதுவும். முதலில் "மெல்ல, மெல்ல" என்று சத்தம், பழகிய பிறகு பேச்சே தேவையில்லை. முழங்கால்கள் ஒன்றாக மடிகின்றனவா, இரண்டு உடம்புக்கும் நடுவிலுள்ள இடைவெளி மாறாமல் நிற்கிறதா, திரும்பும்போது யார் யாரை இழுக்கிறார் என்றெல்லாம் பார்த்துத்தான் மார்க் போடுகிறோம். கடைசியில்தான் தலை நிமிரும். அது காதல் இல்லை. வேகமாகப் பின்பக்கமாய்ப் போகிறவளுக்கு முதுகில் கண் கிடையாது. பின்னால் என்ன வருகிறது என்பதை அவள் தன் சோடியின் முகத்தைப் பார்த்துத்தான் அறிகிறாள்.

எங்கள் பங்கிலேயே ஒரு சோடி சேர்ந்தது. பெண் பிளேஸ்டோவில் இருந்து வருகிறவள், ஏ லெவல் படித்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதிலிருந்து ஐஸில் நிற்கிறவள், சோடியில்லாமல் காத்திருந்தே பாதிக் காலம் போய்விட்டது. பையன் அவளை விட ஒரு வயது மூத்தவன், ஐஸ் ஹொக்கியை விட்டுவிட்டு வந்தவன். பெண்ணின் தாய் என்னையும் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டுபோய், பூசை முடிந்து ஹோலில் பையனின் தாயோடு கதைத்தாள். கலியாணப் பேச்சுக்கால் மாதிரித்தான் இருந்தது. பையனின் தாய் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"ஆடட்டும். ஆனா அவள் இவனை அண்ணை எண்டுதான் கூப்பிட வேணும். நாளைக்கு இவனுக்கு ஒரு இடத்தில கலியாணம் பேசிவரேக்க, ஆரும் ஒரு கதை சொல்லக் கூடாது."

"ஓம், ஓம். எங்களுக்கும் அதுதான் விருப்பம்" என்றாள் பெண்ணின் தாய். "அண்ணையும் தங்கச்சியுமாய் ஆடட்டும்."

அண்ணை தங்கச்சி என்று சொல்லிவிட்டால் எங்கள் ஆட்களுக்கு எல்லாம் சுத்தமாகிவிடும். அன்றிலிருந்து அவள் அவனை அண்ணை என்றாள். வெள்ளைக்காரப் பயிற்சியாளர் அதை அவனுடைய செல்லப்பெயர் என்று நினைத்துத் தானும் அண்ணை என்றே கூப்பிட்டார். இரண்டு தாய்மாரும் பிளாஸ்க்கும் கையுமாக ஒரே நீள வாங்கில் உட்கார்ந்து, பயிற்சி முடியும் வரை கண் வெட்டாமல் பார்த்தார்கள். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். கால் வேலை மாதா மாதம் திருந்தியது. முகத்துக்கு முகம் நின்று ஆடும் வால்ட்ஸில் அவன் கை அவள் முதுகில் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. ஆனால் அவள் அவனுடைய சட்டைப் பொத்தானைப் பார்த்தாள், அவன் அவள் தலைக்கு மேலால் விளம்பரப் பலகையைப் பார்த்தான்.

நான் பெண்ணின் தாயிடம் வாய் விட்டுச் சொன்னேன். "அவளை நிமிர்ந்து பாக்க விடுங்கோ. இப்பிடியே ஆடினா மார்க் விழாது, சோடியும் நிலைக்காது."

"நீங்கள் தனிய இருந்து பழகினனீங்கள், அக்கா" என்றாள். "ஒரு பொம்பிளைப் பிள்ளையைப் பெத்திருந்தா உங்களுக்கு விளங்கும்."

எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

போட்டிக்கு வந்தார்கள். உறவுக்காரருக்கு மார்க் போடக் கூடாது என்பது விதி, ஒரே பங்கு என்பது உறவாகாது, அதனால் நான் நடுவர் மேசையில் இருந்தேன். அடி ஒன்றுகூடப் பிசகவில்லை. ஆனால் இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் தனித்தனியாக ஆடினார்கள். மேசையில் இருந்த எல்லோரும் சோடிப் பொருத்தத்துக்கான பகுதிக்குக் குறைத்தே போட்டோம். காரணம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். காரணத்துக்கு மார்க் இல்லை.

முடிந்த பிறகு நடுவர்களில் ஒருவர், நல்ல மனுஷன், பிள்ளைகளைக் கூப்பிட்டு ஆங்கிலத்தில் கேட்டார்: "உங்களுக்குள் ஏதும் சண்டையா?"

"இல்லை" என்றாள் அவள். "இவர் எனக்கு அண்ணை மாதிரி."

"அப்படியென்றால் இன்னும் சுலபமாக இருக்க வேண்டுமே. கூடப்பிறந்தவர்கள் சோடியாக ஆடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். பயமில்லாமல் முகத்தைப் பார்ப்பார்கள்."

அவள் திரும்பி வாங்கில் இருந்த தாயைப் பார்த்தாள். தாய் பிளாஸ்க்கை மூடிக்கொண்டிருந்தாள்.

அந்த மார்க் வந்த கையோடு பையனின் தாய் வேறு கிளப்பில் பேசிவிட்டாள். அங்கே உயரமான ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை சோடியில்லாமல் இருந்தாளாம். "உங்கட பிள்ளையோட அவனுக்கு ஒட்டேல்லை. அவன்ர எதிர்காலத்தைப் பாக்க வேணும்தானே" என்று பெண்ணின் தாய்க்குப் போன் எடுத்துச் சொல்லியிருக்கிறாள். ஒட்டக் கூடாது என்று கட்டளை போட்ட அதே வாய். பெண்ணுக்கு வேறு பையன் கிடைக்கவில்லை. சோடியில்லாதவர்களுக்கென்று தனி நடனம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதே வால்ட்ஸ், அதே அடிகள், தனியாக. அதில் பெயர் கொடுத்தாள்.

அடுத்த வருடம் ஒரே நாளில் இரண்டு பேரையும் பார்க்க வேண்டி வந்தது. காலையில் பையனும் புதுப் பெண்ணும். அவன் அவளை முகத்துக்கு முகம் பார்த்தான், இடையில் ஒரு தாள் நுழையாது. தாராளமாக மார்க் போட்டேன். ஆட்டம் அதற்குத் தகுதியானது, அதுதான் எரிச்சல். இடைவேளையில் பையனின் தாய் கன்டீனில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்பிடி வடிவாப் பாக்கிறான், கண்டீங்களோ அக்கா?"

"கண்டனான். இவளையும் தங்கச்சி எண்டோ சொல்லி வச்சிருக்கிறீங்கள்?"

அவள் சிரித்தாள். "அது வெள்ளைக்காரப் பிள்ளைதானே. எங்கட சனத்தில ஆர் கதைக்கப் போகினம்?"

எனக்குப் பின்னால் தேத்தண்ணிக்கு நின்றவள் எங்கள் பிளேஸ்டோப் பெண். எல்லாம் அவளுக்குக் கேட்டிருக்கிறது. "ஹலோ அன்ரி" என்று எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொன்னாள், தேத்தண்ணி எடுக்காமலே போய்விட்டாள்.

மத்தியானம் அவள் ஐஸுக்கு வந்தாள். தனி வால்ட்ஸில் பலர் கையைத் தங்கள் பாட்டுக்கு வீசுவார்கள். அவள் சோடி நிற்பது போலவே பிடித்தாள், ஒரு கை இல்லாத தோளில், மற்றது இல்லாத கையில். முதல் திருப்பத்தில் தலையை நிமிர்த்தினாள். அவன் முகம் இருந்திருக்க வேண்டிய உயரம், அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. பின்பக்கமாய்ப் போனபோதெல்லாம் அந்த வெறும் இடத்தைப் பார்த்துப் பார்த்துப் போனாள். அப்படி ஒரு சோடி ஆடி நான் கனகாலம் கண்டதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, குளிர் என்று பக்கத்திலிருந்தவருக்குச் சொன்னேன். தனி நடனத்தில் சோடிக்கு மார்க் கிடையாது.

வெளியே வந்தபோது பெண்ணின் தாய் வாசலில் காத்துக்கொண்டு நின்றாள்.

"இண்டைக்குத் தலை நிமிர்ந்து ஆடினவள். பாத்தனீங்களோ, அக்கா?"

"பாத்தனான்."

"இதுதான் நல்லது" என்றாள், நிம்மதியாக. "தனிய ஆடினா ஒரு கரைச்சலுமில்லை. எங்க பாத்தாலும் ஆரும் ஒண்டும் சொல்லேலாது."