தோலை விட்டுப் புறப்பட்டவை

பெங்களூரில் காலையில் யாரைப் பார்த்தாலும் "ஊட்ட ஆய்த்தா?" என்பார்கள். சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். பட்டினி கிடந்தாலும் "ஆய்த்து" என்றுதான் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பேச்சு நீளும். நான் வேலை பார்த்த ஆய்வகத்தில் எலிகளைப் பராமரித்த சிவண்ணாவிடம் இரண்டு வருடமாக இந்தப் பொய்யைச் சொல்லிவந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. எலியின் தோலில் ஒளிரும் சாயம் பூசுவோம். தோலில் காவலிருக்கும் செல்கள் அதை விழுங்கி, பக்கத்துச் செல்களின் பிடியை விட்டுவிட்டு, நிணநீர் நாளத்தின் சுவரிலுள்ள ஒட்டு மூலக்கூறுகளைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழையும். மறுநாள் நிணநீர்க் கணுவுக்குப் போய்ச் சேரும். திரும்பி வருவதில்லை. ஒட்டு மூலக்கூறை ஒரு மருந்தால் மறைத்துவிட்டால் செல் தோலையும் விட்டு, கணுவுக்கும் போகாமல் நடுவழியில் நின்றுவிடும் என்று நிரூபிப்பது என் வேலை. நிரூபித்தால் மாதக் கடைசியில் வேலை நிரந்தரம்.

புருஷன் வீட்டை விட்டு ஒற்றைப் பையோடு ஆம்பூரில் அப்பா வீட்டு வாசலில் நான் வந்து நின்றபோது அவர் திட்டவில்லை. தங்கச்சி கல்யாணம் இருக்கிறதே, ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்று மட்டும் கேட்டார். பெங்களூரில் நிரந்தர உத்தியோகம் என்று சொல்லிக்கொள்ள முடிந்தால் தாராளமாக வீட்டுக்கு வரலாமாம்.

கடைசிப் பரிசோதனைக்குச் சாயம் பூசிவிட்டு, எலிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சிவண்ணாவிடம் சொல்லிப் போனேன். மறுநாள் நுண்ணோக்கியில் எங்கு பார்த்தாலும் பச்சை. மனிதர் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"தோலு செவந்து போச்சு மேடம். பாவ, அதுக்கும் எரியும்தானே? அரிசின போட்டேன்" என்றார்.

அரிசின என்றால் மஞ்சள். நுண்ணோக்கியின் விளக்கில் மஞ்சளும் சாயம் போலவே பச்சையாக ஒளிரும். எது செல், எது மஞ்சள் என்று பிரிக்க வழியில்லை. மருந்தும் தீர்ந்திருந்தது, வெளிநாட்டிலிருந்து வர மாதக்கணக்காகும். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. கோபம் வரவில்லை, பொறாமைதான் வந்தது. நாளைக்குச் சாகப்போகும் எலிக்கு எரியுமே என்று நினைக்க ஓர் ஆள் இருந்தது.

சிவண்ணா தினக்கூலி, தெரிந்தால் அன்றே வேலை போய்விடும். தவறு என்னுடையது என்று பேராசிரியரிடம் சொன்னேன். அவர் வருத்தத்தோடு என்னை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்.

ஆடுகோடியில் எஸ்டிடி பூத்திலிருந்து அப்பாவைக் கூப்பிட்டேன்.

"வேலை நிரந்தரமாயிடுச்சாம்மா?"

"இல்லப்பா."

"அப்போ அவசரமில்ல. மெதுவாவே வா."

வெளியே ஓசூர் ரோட்டில் ஆம்பூர் வழியாகப் போகும் வேலூர் பஸ் ஒன்று நெரிசலில் நின்றிருந்தது. படியில் ஒரு காலை வைத்துவிட்டேன். எங்கேம்மா போகணும் என்று கண்டக்டர் தமிழில் கேட்டார். சொல்ல ஓர் ஊர்ப் பெயர் வாயில் வரவில்லை. அவர் விசில் ஊதினார். காலை எடுத்துக்கொண்டேன்.