சூட்டில் மட்டும் வரும் பழுது

ஓமானின் சோஹாரிலிருந்து அந்தத் தொலைபேசி வந்தபோது எங்கள் அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் அழைப்பை என்னிடம் தள்ளிவிட்டார்கள்.

ஒரு ஜப்பானியக் கார் கம்பெனியின் வளைகுடாத் தொழில்நுட்ப அலுவலகம் அது. துபாயின் அல் கூஸில், கிடங்குகளுக்கும் பட்டறைகளுக்கும் நடுவே இருந்தது. வாடிக்கையாளர் புகார்களைப் படிப்பது, வண்டியைச் சோதிப்பது, ஜப்பானுக்கு அறிக்கை எழுதுவது, இவைதாம் எங்கள் வேலை. நான் திருச்சியில் பொறியியல் படித்தவள். கணவரோடும் மகளோடும் அஜ்மானில் குடியிருந்தேன். எங்கள் மூன்று பேரின் விசாவும் என் வேலையில்தான் இருந்தது.

"தங்கச்சி, நான் கீழக்கரைக்காரன். சோஹார்ல துணிக்கடை வச்சிருக்கேன்" என்றார் பேசியவர். "நேத்து ஹத்தா மலை எறக்கத்துல பிரேக்கை மிதிக்கிறேன், பெடல் எறங்க மாட்டேங்குது. கல்லை மிதிச்ச மாதிரி இருக்கு. வீட்டுக்காரி பக்கத்துல உக்காந்து கலிமா சொல்ல ஆரம்பிச்சிட்டா. கியரைக் குறைச்சு எப்படியோ நிறுத்திட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு மிதிச்சா நல்லாத்தான் வேலை செய்யுது. டீலர்கிட்ட போனா மாஃபி முஷ்கில், ஒரு பிரச்னையும் இல்லைங்குறான்."

எழுதிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனேன். பிரேக் சம்பந்தமாக எது வந்தாலும் அந்த அறைக்குத்தான் போகவேண்டும்.

அங்கே இருந்த ஜப்பானியருக்கு வயது ஐம்பத்தெட்டு. கல்லூரி முடித்ததும் கம்பெனியில் சேர்ந்து, இடையில் வேறெங்கும் போகாமல், வாழ்நாள் முழுவதும் பிரேக் ஒன்றையே பார்த்தவர். இளைஞனாக இருந்தபோது ஒவ்வொரு ஆகஸ்ட் மாதமும் இங்கே அனுப்பப்பட்டவர். புதிய வண்டிகளின் உடம்பெல்லாம் வெப்பமானிகளை ஒட்டி, பாலைவனத்தில் ஓட்டிப் பார்த்து, சூடு தாங்குமா என்று சொல்வது அப்போது அவர் வேலை. ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும்போது இங்கேயே கடைசிப் பணியாக வந்திருந்தார். கையெழுத்துப் போடமாட்டார், சட்டைப் பையிலிருந்து சின்ன முத்திரை ஒன்றை எடுத்துச் சிவப்பு மையில் அழுத்துவார். அவர் முத்திரை விழுந்த வரைபடத்தை யாரும் மறுபடி கேள்வி கேட்டதில்லை. பட்டறையில் எல்லாரும் அவரை சாப் என்பார்கள். நானும் அவரும் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வோம். இருவருக்கும் அது இரவல் மொழி. தேவைக்கு மேல் ஒரு வார்த்தை வராது.

நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "மணி என்ன இருக்கும்?"

"பகல் இரண்டு."

மறுநாள் காலையில் இருவரும் சோஹாருக்குக் கிளம்பினோம்.

கடைக்காரர் எங்களைக் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து பால் கலக்காத சுலைமானி டீ கொடுத்தார். ஜப்பானியர் இரண்டு கையாலும் கோப்பையை வாங்கிக் குனிந்ததைப் பார்த்து அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. "பெரிய மனுசன் இவ்வளவு தூரம் வந்திருக்காரு" என்று கடையிலிருந்தவர்களிடமெல்லாம் சொன்னார். வண்டியை மூன்று மணி நேரம் ஓட்டினோம். மலைச்சாலையில் ஏறி இறங்கினோம். அன்று பார்த்துக் கடலிலிருந்து காற்று, மேகம் வேறு. ஒரு பழுதும் தெரியவில்லை.

திரும்பி வந்ததும் அவர் என்னிடம் சொன்னார்: "நம்மால் இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று அவரிடம் சொல்லுங்கள்."

கடைக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி உள்ளே துணி மடிப்பதை நிறுத்திவிட்டு நின்றார். அவர்கள் பயத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. நான் சொன்னேன்: "வண்டியில ஒண்ணும் இல்ல பாய். நல்லா இருக்கு. பயப்படாம ஓட்டுங்க."

அவர் நெஞ்சில் கைவைத்துத் தலையசைத்தார்.

அடுத்த மூன்று வாரத்தில் இன்னும் இரண்டு புகார்கள் வந்தன. ஒன்று புஜைராவிலிருந்து, ஒன்று அல் ஐனிலிருந்து. இரண்டும் மலை இறக்கம். இரண்டும் உச்சி வெயில் சாயத் தொடங்கும் நேரம். இரண்டிலும் பெடல் கல்லானது, பிறகு தானாகச் சரியானது. குளிரூட்டிய பட்டறையில் வைத்துப் பார்த்தால் எந்தக் குறையும் இல்லை. ஜப்பானிலிருந்து பதில் வந்தது: ஓட்டியவர்களின் தவறாக இருக்கலாம், கால்மிதி பெடலுக்கு அடியில் சுருண்டிருக்கலாம்.

அதற்குப் பிறகு ஜப்பானியர் மதியச் சாப்பாட்டுக்கு வருவதை நிறுத்தினார். எல்லாரும் நிழலுக்கு ஓடும் வேளையில் வண்டி நிறுத்துமிடத்தில் நிற்பார். ஒவ்வொரு வண்டியின் முன்மூடியிலும் உள்ளங்கையை வைத்து வைத்து எடுப்பார். ஜன்னல் வழியே பார்த்தால், நோயாளிகளுக்கு நடுவே ஒரு டாக்டர் நடப்பது போல இருக்கும். பட்டறையில் வேலை செய்த பெஷாவர்க்காரர் என்னிடம், "சாப் கோ க்யா ஹுவா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார், சாப்புக்கு என்ன ஆயிற்று என்று.

ஒருநாள் அவர் என் வண்டிக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். அதே மாடல். முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் தயாரிப்பு எண்ணைக் குனிந்து படித்துக் கையிலிருந்த தாளோடு ஒப்பிட்டார். பிறகு உள்ளே வந்து என் மேசையருகே நின்றார்.

"இதை யாரெல்லாம் ஓட்டுகிறீர்கள்?"

"நான். வெள்ளிக்கிழமைகளில் கணவர், மகளை நீச்சலுக்குக் கூட்டிப்போவார்."

"இனி ஓட்டவேண்டாம்" என்றார். வேறு விளக்கம் இல்லை.

மறுநாள் என் வண்டியையே சோதனைக்குக் கேட்டார். பகல் ஒன்றரைக்கு ஹத்தா மலை உச்சியில் இருந்தோம். காற்று அசையவில்லை. பாறைகள் வெள்ளையாகத் தெரிந்தன. குளிர்சாதனத்தை முழு வேகத்தில் வைத்து, நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓடவிட்டு அரைமணி நேரம் காத்திருந்தார். பிறகு இறங்கத் தொடங்கினார். முதல் வளைவில் மிதித்தார், வேகம் குறைந்தது. இரண்டாவதிலும் குறைந்தது. மூன்றாவதில் அவர் தோள் முன்னால் வந்தது. முழங்கால் விறைத்தது. ஆனால் வண்டியின் வேகம் குறையவில்லை.

"வந்துவிட்டது" என்றார். அவர் குரலில் பதற்றமே இல்லை. அதுதான் என்னை மிகவும் பயமுறுத்தியது.

கியரைக் குறைத்து, கைப்பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, ஓரச் சரளையில் ஏற்றி நிறுத்தினார். நான் கதவைத் திறந்து வெளியே விழாத குறை. அவர் அதற்குள் முன்மூடியைத் திறந்துவிட்டார்.

பிரேக்கை மிதிக்கும் நம் காலுக்குப் பல மடங்கு வலுச் சேர்ப்பது எஞ்சின் உறிஞ்சும் காற்று. அது விரல் தடிமனான ஒரு ரப்பர் குழாய் வழியாகப் போகிறது. கையுறைகூடப் போடாமல் அந்தக் குழாயைப் பிடுங்கிக் கத்தியால் நீளவாக்கில் கீறினார். விரல்கள் சிவந்து போயின. குழாயைப் பிரித்து என்னிடம் காட்டினார். அதன் உள்தோல் சுவரைவிட்டு உரிந்து, நாக்குப் போல மடிந்து, வழியை முழுக்க அடைத்திருந்தது.

"பாருங்கள், பாருங்கள்" என்றார்.

குழாயை வண்டியின் நிழலில் பிடித்திருந்தார். சூடு தணியத் தணிய அந்த நாக்கு மெல்லப் பின்வாங்கியது. சில நிமிடங்களில் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டது. இப்போது பார்க்கிற எவரும் புதுக் குழாய் என்றுதான் சொல்வார்கள்.

அவர் சரளையில் உட்கார்ந்துவிட்டார். "பழைய ரப்பர் வருவது நின்றுபோனது. இந்தப் புது ரப்பருக்கு மாறலாம் என்ற வரைபடத்தில் இருப்பது என் முத்திரை" என்றார். "ஆய்வகத்தில் சூடு காட்டினோம். போதும் என்று நினைத்தேன். இந்த ஊர் வெயிலை எங்கள் கம்பெனியில் என்னைவிட அறிந்தவர் யாரும் கிடையாது. நானே போதும் என்று நினைத்தேன்."

அங்கிருந்தே ஜப்பானுக்குப் பேசினார். எனக்குப் புரியாத மொழி. ஆனால் பேசப்பேச அவர் முதுகு வளைந்துகொண்டே போனது தெரிந்தது. குழாயை விமானத்தில் அனுப்புங்கள், ஆய்வு முடியும்வரை காத்திருங்கள், வாடிக்கையாளர் எவரிடமும் பேசவேண்டாம் என்று உத்தரவு. வாழ்நாளெல்லாம் உத்தரவுக்கு உட்பட்டே நடந்த மனிதர். "சரி" என்று ஜப்பானிய மொழியில் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது எனக்கும் விளங்கியது. எங்கள் மேலாளர் என்னிடமும் தனியாகச் சொன்னார்: "உங்களிடமிருந்து ஒரு வார்த்தை வெளியே போகக் கூடாது."

இழுவை லாரியில் கொண்டுவந்த என் வண்டியை மட்டும் பட்டறையிலேயே விட்டுவிட்டு டாக்ஸியில் வீட்டுக்குப் போனேன். கணவரிடம் சர்வீஸ் என்று சொன்னேன்.

முதல் நாள் காத்திருந்தோம். கடைக்காரரின் எண் என் கைப்பேசியில் இருந்தது. இரண்டு முறை எடுத்தேன். இரண்டு முறையும் வைத்துவிட்டேன். நாளைக்கு முடிவு வந்துவிடும், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவர் வாரத்துக்கு ஒருமுறை துபாய்க்குச் சரக்கெடுக்க வருவார் என்பது எனக்குத் தெரியும். இந்த வாரம் வந்துவிட்டுப் போயிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டாம் நாள் நான்கு மணிக்கு அவர் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது அவர் மனைவி.

"தங்கச்சி, நீங்கதானே அந்த கார் கம்பெனி? அவுக போன்ல உங்க நம்பர் இருந்துச்சு. இவுகளுக்கு அடிபட்டுப் போச்சும்மா. பார்டர் பக்கத்துல லாரிக்குப் பின்னால போயி…"

எந்த மருத்துவமனை என்று கேட்டு எழுதிக்கொண்டேன்.

ஜப்பானியரின் அறைக்குப் போய்ச் சொன்னேன். நின்றபடியே கேட்டார். சட்டைப் பையிலிருந்த முத்திரையை எடுத்து இழுப்பறைக்குள் வைத்து மூடினார். பிறகு கணினி முன் உட்கார்ந்து ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதினார். பழுது என்ன, எந்த வண்டிகளில் இருக்கிறது, அனுமதித்தவர் யார், தெரிந்த பிறகும் இரண்டு நாள் பேசாமல் இருந்தவர் யார். கடைசி இரண்டுக்கும் தன் பெயரையே எழுதினார். வண்டிகளைத் திரும்ப அழைக்க ஆணையிடும் அரசு அலுவலகங்களுக்கும், எல்லா விற்பனையாளர்களுக்கும், ஜப்பானில் தன் மேலதிகாரிகளுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினார். என்னைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

மறுநாள் சோஹார் மருத்துவமனைக்குப் போனோம். கடைக்காரருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டிருந்தது. நல்லவேளை, மனைவி அன்று கூடப் போகவில்லை. ஜப்பானியர் கட்டிலருகே இடுப்புவரை குனிந்து, நிமிராமல் நின்றார். கடைக்காரர் அவரைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தார்.

"நீங்க தமிழ்ல சொன்னீங்கம்மா" என்றார். "வேற எவன் சொல்லியிருந்தாலும் ரெண்டு தடவை யோசிச்சிருப்பேன்."

குனிந்தபடியே ஜப்பானியர் கேட்டார்: "அவர் என்ன சொல்கிறார்?"

அந்த நேரத்தில் எதையாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். அறையில் எனக்கு மட்டும்தான் இரண்டு பக்கமும் தெரியும். ஆனால் சொன்னேன். அன்றைக்கு அவர் சொல்லச் சொன்னது என்ன, நான் சொன்னது என்ன, இரண்டையும் ஆங்கிலத்தில் சொன்னேன்; பிறகு தமிழிலும் சொன்னேன். ஜப்பானியர் மெதுவாக நிமிர்ந்தார். என்னைத் திட்டவில்லை. முதல்முறை பார்க்கிற ஆளைப் போலப் பார்த்தார். கடைக்காரர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "போங்கம்மா, கலாஸ், எல்லாம் முடிஞ்சுபோச்சு" என்றார்.

இரண்டு மாதத்தில் அவர் கடையை மூடிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். கம்பெனி ஏதோ தந்ததாகக் கேள்வி. ஜப்பானியரை ஒரு வாரத்திலேயே திரும்ப அழைத்துக்கொண்டார்கள். வழியனுப்பு விழா எதுவும் இல்லை. பெஷாவர்க்காரர்தான் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தார். வேலை எதுவும் இல்லாத ஒரு மேசையில் உட்காரவைத்துப் பிறகு அவரை ஓய்வில் அனுப்பினார்கள் என்று பின்னால் அறிந்தேன்.

வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டது செய்தித்தாளில் வந்தபோது கணவர் அதைப் படித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"நம்ம வண்டிய சர்வீஸ்னு விட்டுட்டு வந்தியே, அன்னைக்கே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

நான் அதே அலுவலகத்தில்தான் இருக்கிறேன். குழாய் மாற்றும் வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டது. பெரும்பாலும் என்றுதான் சொல்லமுடியும். இங்கே பழசாகும் கார்கள் இங்கேயே நிற்பதில்லை. ஷார்ஜாவில் கை மாறி, கப்பலேறி, எங்கெங்கோ போய்விடுகின்றன. எண் மட்டும் எங்களிடம் இருக்கும், வண்டி இருக்காது. ஜப்பானியர் மாதம் ஒருமுறை மின்னஞ்சல் அனுப்புகிறார். நலம் விசாரிப்பு இல்லை, ஒரே வரி: "இன்னும் எத்தனை வரவில்லை?"

நான் பட்டியலைப் பார்த்துச் சரியான எண்ணிக்கையை எழுதுகிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. போன மாதம் ஒன்று குறைந்தது. குழாயை மாற்றிவிட்டதாக ஆப்பிரிக்கத் துறைமுகம் ஒன்றிலிருந்து யாரோ எழுதியிருந்தார்கள். இந்த மாதம் எதுவும் குறையவில்லை. அங்கேயும் மலைகள் இருக்கும், அங்கேயும் வெயில் காலம் தொடங்கியிருக்கும்.