முன் இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தவர்

ஆர்டித் ஸ்வபோடா யாரோ ஓர் ஆளோடு ஓடிப்போய்விட்டாள் என்ற செய்தி எங்கள் டூபெக் ஊருக்கு ஒரு பன்றி லாரியில் வந்து சேர்ந்தது.

லாரி மைலோவுடையது. நெப்ராஸ்காவிலிருந்து பன்றிகளை ஏற்றிக்கொண்டு மேற்கே போவான். வரும்போது வெறும் லாரியாக வர மனசு கேட்காமல் வதந்தி ஏற்றிக்கொண்டு வருவான். தானியக் கிடங்கின் காபி மேசையில் அதை இறக்கினான். ஷயான் நகரத்துப் பெட்ரோல் பங்கில் ஆர்டித்தின் நீலக் கார் நின்றதாம். அவள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாளாம். முன் இருக்கையில் தொப்பி போட்ட ஓர் ஆள், பெல்ட்டும் போட்டபடி, அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தானாம்.

"ஆள் எப்படி இருந்தான்?"

"குள்ளம். ஆனா நல்ல அகலம்."

"அவ புருஷன் லெனார்ட் செத்து ஒரு அறுப்புதான்யா ஆகுது. அதுக்குள்ளயா?"

"அந்த ஆளு லெனார்டோட ஜாக்கெட்டையே போட்டிருந்தான்யா. அதைத்தான் என்னால தாங்க முடியல."

மேசையில் இருந்தவர்கள் எல்லோரும் லெனார்டுக்காக ஒரு நிமிஷம் மௌனமாக இருந்தார்கள். அவன் உயிரோடு இருந்தபோது இவர்களில் யாரும் அவனுக்கு ஒரு காபிகூட வாங்கிக் கொடுத்ததில்லை.

வதந்தியைச் சரிபார்க்காமல் பரப்புவது எனக்குப் பிடிக்காது. சரிபார்த்துவிட்டால் விவரமாகப் பரப்பலாம். நேரே டாரலைப் பார்க்கப் போனேன். டாரல், ஆர்டித்தின் ஒரே பிள்ளை; இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். உலகத்தில் மனிதனுக்கு நேரக்கூடிய அத்தனை கெடுதலும் அவனுக்கு மனப்பாடம். கியர்னி நகரத்துக்கு மேற்கே அவன் போனதே இல்லை. அந்தப் பக்கம் விபத்து விகிதம் அதிகமாம்.

"டாரல், உங்கம்மா..."

"தனியாத்தான் போயிருக்காங்க."

"நான் இன்னும் கேக்கவே இல்லையேப்பா."

"காலையிலேர்ந்து இதே கேள்விதான். எல்லாரும் பாலிசி எடுக்க வர்ற மாதிரியே உள்ள வர்றாங்க. ஒருத்தனும் எடுக்கல."

"அந்த அகலமான ஆள்?"

"அது ஐஸ் பெட்டி! உள்ள லுயெட்டா ஹ்ருஷ்காவோட கண்ணாடிப் பாத்திரம் இருக்கு. வெயில் படக்கூடாதுன்னு அப்பா ஜாக்கெட்டைப் போத்தி, தனியாப் போற பொம்பளைன்னு எவனும் நினைக்கக்கூடாதுன்னு அப்பா தொப்பியையும் மேல வெச்சிருக்காங்க. போதுமா?"

போதவில்லை. கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன்.

ஆர்டித் முப்பது வருஷத்துக்கு மேல் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடப் பேருந்தை ஓட்டியவள். நிலாவுக்குப் போய்த் திரும்பும் தூரத்தை இரண்டு சோளக்காட்டுக்கு நடுவிலேயே ஓட்டி முடித்தவள். ஒரு குழந்தைக்குச் சிராய்ப்பு கிடையாது. அப்படிப்பட்டவள் போன வசந்தத்தில், ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு தபால் பெட்டியை இடித்துச் சாய்த்துவிட்டாள். அது டாரல் வீட்டுத் தபால் பெட்டியாகப் போனதுதான் வினை. கார்ச் சாவியைக் கொடுத்துவிடும்படி அவன் கேட்டான். எங்கள் ஊரில் சாவியைக் கொடுத்தவர்கள் அப்புறம் ஜன்னலோரம் உட்கார்ந்து, சர்ச்சுக்குக் கூட்டிப்போக யார் வருவார் என்று பார்த்துக்கொண்டிருப்பவர்கள். ஆர்டித் கொடுக்கவில்லை.

"லுயெட்டாவுக்குப் பாத்திரம் திருப்பிக் குடுக்கணும். அதைக் குடுத்துட்டு வந்து பேசறேன்" என்றாளாம்.

லெனார்ட் செத்தபோது ஊரே சமைத்துக் கொண்டுவந்தது. பாத்திரத்தின் அடியில் பெயர் எழுதிய டேப் ஒட்டியிருக்கும். காலி செய்து, கழுவி, நாமும் ஏதாவது செய்து உள்ளே வைத்துத் திருப்பித் தர வேண்டும். ஆர்டித் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டாள். லுயெட்டாவுடையது மட்டும் நின்றுவிட்டது. கொடுப்பதற்குள் லுயெட்டா வீட்டை விற்றுவிட்டு, மகளோடு இருக்க ஒரேகான் மாநிலத்துக்குப் போய்விட்டாள். நடுவில் வயோமிங், ஐடஹோ என்று இரண்டு முழு மாநிலங்கள்.

"தபால்ல அனுப்பும்மான்னேன்" என்றான் டாரல். "'வெறும் பாத்திரத்தையா? நீ யாரு வீட்டுப் பிள்ளைடா?'ன்னு கேட்டாங்க. எனக்கே அசிங்கமாப் போச்சு."

கடைசியில் ஓர் ஒப்பந்தம். கார் ஒரு கீறல் இல்லாமல் திரும்பி வந்தால் சாவி ஆர்டித்திடமே இருக்கும். அப்புறம் டாரல் வாயைத் திறக்கக் கூடாது. ஒரு கீறல் இருந்தாலும் சாவி டாரலுக்கு. புறப்படும் காலையில் அவன் காரைச் சுற்றிச் சுற்றி, அடிப்பக்கம் உள்பட, படம் எடுத்து வைத்திருந்தான்.

அடுத்த வாரம் ஆர்டித் திரும்பி வந்தாள். அவள் வீட்டு வாசலில் டாரல் நின்றான், நான் நின்றேன், தற்செயலாக அந்த வழியாகப் போவதற்காக மைலோ மூன்றாவது முறை போய்க்கொண்டிருந்தான். ஆர்டித் காரை லைலாக் புதருக்கு ஒட்டினாற்போல், இலையெல்லாம் கதவில் உரச நிறுத்தினாள். அப்போதுதான் கவனித்தேன்: முன் இருக்கையில் தொப்பிக்காரர் இன்னும் உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, கொஞ்சம் தள்ளி நிறுத்து. வண்டியைப் பாக்கணும்."

"என்னைப் பாத்தியாடா முதல்ல? உள்ள வா. காபி போடறேன்."

எங்கள் ஊரில் காபி போடுகிறேன் என்று சொன்னபிறகு யாரும் வாசலில் நிற்க முடியாது. டாரல் நாற்காலி நுனியில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் காரையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆர்டித் அவசரமே இல்லாமல் பயணத்தைச் சொல்ல ஆரம்பித்தாள்.

பெரிய சாலையில் போகவில்லையாம். பழைய முப்பதாம் நம்பர் சாலைதான்.

"பெரிய ரோட்ல மனுஷங்களே இல்லப்பா. எதிர்ல வர்றவனுக்கு ஸ்டியரிங்லேர்ந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொன்னா, பதிலுக்குத் தூக்கணுமில்ல? பழைய ரோட்ல வயோமிங் வரைக்கும் தூக்கினாங்க. ஐடஹோல பாதிப் பேர். ஒரேகான்ல ஒருத்தன் தூக்கினான். வேற விரல்."

மெடிசின் போ என்ற ஊரைத் தாண்டி ஒரு ரயில் பாதை சாலையைக் கடந்தது. பள்ளிப் பேருந்து ஓட்டியவர்கள் தண்டவாளத்தைக் கண்டால், ரயில் வந்தாலும் வராவிட்டாலும், வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்து, காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் தாண்டுவார்கள். ஆர்டித் இன்னும் அப்படித்தான். காரில் எல்லாக் கதவின் பூட்டையும் டக்கென்று விடுவித்து, கண்ணாடியை இறக்கிக் கேட்டாள். சாலையோரம் பெட்டியோடு நின்றிருந்த ஒருவன், தனக்காகத்தான் நிறுத்தினாள் என்று பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துவிட்டான்.

"அம்மா!" என்றான் டாரல். வழிப்போக்கரை ஏற்றுவதால் வரும் கெடுதல்களின் பட்டியல் அவன் முகத்தில் ஓடியது.

"கதவு திறந்தா ஏறினவனை இறக்கிவிடறதுதானேடா என் வேலை? 'எந்த வீடு?'ன்னு கேட்டேன். 'ராலின்ஸ் டவுன் மேடம்'னான். 'உக்காரு. வண்டி ஓடும்போது எந்திரிக்கக் கூடாது'ன்னேன்."

அவன் ரோடியோக் கோமாளி. காளை முதுகிலிருந்து விழுந்தவனை அது குத்த வரும்போது, குறுக்கே ஓடி அதன் கவனத்தைத் திருப்புவதுதான் தொழில். ஆர்டித் மாட்டுவண்டி வேகத்தில் ஓட்ட, பின்னால் லாரிகள் முட்டுவதுபோல் வந்து ஒலி எழுப்ப, ஒவ்வொரு தண்டவாளத்திலும் அவள் நிறுத்திக் காது கொடுக்க, அவன் மெல்லச் சொன்னானாம்: "மேடம், காளை தேவலாம்."

ஒரு பங்கில் ஆர்டித் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தபோது தொப்பிக்காரரின் தொப்பி கோணலாக இருந்தது. பெட்டிக்குள், லுயெட்டாவுக்காக அவள் சுட்டு அடுக்கியிருந்த கசகசா கோலாச் பன்களைக் காணவில்லை. பாத்திரத்தில் மிச்சம் ஒரே ஒரு துண்டு. முழுசு இல்லை, பாதி. அந்தப் பாதியும் மறுபடி குறுக்கே வெட்டப்பட்டிருந்தது.

"கேட்டேன், 'உங்கம்மா எந்த ஊருடா?'"

நானும் டாரலும் ஒரே நேரத்தில் தலையாட்டினோம். கடைசித் துண்டை எடுக்கக் கூச்சப்பட்டு, பாதி வெட்டி, பாதியில் பாதி வெட்டி, தட்டில் எப்போதும் ஏதாவது மிச்சம் வைத்துவிட்டுப் போகிறவன் எங்கள் பக்கம் தவிர வேறெங்கே வளர்ந்திருப்பான்?

"நார்ஃபோக் மேடம்னான். நம்ம நெப்ராஸ்காப் பிள்ளை! அப்புறம் எப்படித் திட்டறது? நேத்துலேர்ந்து சாப்பிடலையாம். அந்தக் கால் துண்டையும் எடுத்துத் தின்னுடான்னுட்டேன்."

ஆக, வதந்தியில் ஓர் ஆள் இருந்தது உண்மைதான். ஆனால் பின் இருக்கையில். அதுவும் ராலின்ஸ் வரைக்கும்தான்.

பாத்திரம் காலி. லுயெட்டா வீட்டு வாசலில் வெறும் பாத்திரத்தோடு போய் நிற்பதா? ஆர்டித்துக்குக் காரைப் பற்றிய கவலையே போய்விட்டது. அன்று தங்கிய இடம் ஐடஹோவில் ஒரு சாலையோர விடுதி. நடத்துகிறவர் ஹன்ஸா பென் என்ற குஜராத்தி அம்மாள். அறைச் சாவியைக் கொடுத்தவரிடம் ஆர்டித், அறை இருக்கட்டும், அடுப்பு கிடைக்குமா என்று கேட்டிருக்கிறாள்.

ஹன்ஸா பென் பாத்திரத்தின் கதையை முழுசாகக் கேட்டுவிட்டு, "எங்க ஊர்லயும் வெறும் பாத்திரம் திருப்பமாட்டோம். கொஞ்சம் சக்கரையாவது போடுவோம். வாங்க" என்று பின்கட்டுக்கு அழைத்துப் போனார். "என்ன பண்ணணும்?"

"உருளைக்கிழங்கு, சீஸ், பன்றி இறைச்சி."

"உருளைக்கிழங்கு இருக்கு. சீஸ் இருக்கு. மூணாவது என் சமையக்கட்டு வாசப்படி தாண்டாது."

"அப்ப ருசிக்கு?"

"அதை என்கிட்ட விடுங்க."

விடியற்காலையில் இரண்டு பேரும் நின்று சமைத்தார்கள். ஆர்டித் கிழங்கை அடுக்கி, பாலும் சீஸும் ஊற்றினாள். ஹன்ஸா பென் கடுகு, சீரகம், பச்சை மிளகாய் தாளித்து மேலே கொட்டினார். எங்கள் ஊரில் மிளகுத்தூளையே காரம் என்று சொல்லுகிறவர்கள் உண்டு.

லுயெட்டா ஒரு வாய் வைத்தாளாம். கண்ணில் தண்ணீர். ஒரு டம்ளர் பால் குடித்தாள். பிறகு, "ஆர்டித்... இது வித்தியாசமா இருக்குடி" என்றாள்.

டாரல் வாயில் வைத்த காபியை விழுங்க மறந்துவிட்டான். 'வித்தியாசமா இருக்கு' என்பதைவிடக் கடுமையான வார்த்தை எங்கள் ஊரில் கிடையாது.

"அப்படிச் சொல்லிட்டு ரெண்டாவது தடவை போட்டுக்கிட்டாடா. மூணாவது தடவை என்கிட்ட கேக்கவே இல்ல."

"சந்தோஷம்மா. இப்ப நான் வண்டியைப் பாக்கலாமா?"

"பாரு. லைலாக் பக்கம் முள்ளு கிள்ளு இருக்கும், பாத்து."

லைலாக்கில் முள் கிடையாது. டாரல் போனான். போனில் பழைய படத்தை வைத்து ஒப்பிட்டபடி காரைச் சுற்றினான். புதருக்குள் பாதி உடம்பு மறைந்தது. பிறகு உள்ளிருந்து, "அம்மாஆ!" என்று ஒரு குரல்.

பின்பக்கக் கதவுக்குக் கீழே, கையகல நசுக்கல். அதில் கொஞ்சம் பச்சைப் பெயிண்ட்.

"என்னம்மா இது?"

"லுயெட்டா வீட்டுத் தபால் பெட்டி."

"மறுபடியும் தபால் பெட்டியா?"

"அவ கை காட்டிட்டே நின்னாடா! கண்ணுக்கு மறையற வரைக்கும் நாமளும் காட்டணுமில்ல? ரிவர்ஸ்ல போயிட்டே எப்படிக் காட்டறது? ஒரு கைதானே மிச்சம்?"

டாரல் உள்ளங்கையை நீட்டினான். நியாயமாகச் சொன்னால், அவன் முகத்தில் வெற்றி எதுவும் இல்லை. பயந்த பிள்ளை முகம்தான் இருந்தது. ஆர்டித் பையில் கைவிட்டுச் சாவியை எடுத்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். அவன் கையில் வைத்தாள்.

"பேச்சுன்னா பேச்சுதான். எடுத்துக்கோ. அப்படியே முன் சீட்ல இருக்கறதையும் எடுத்துக்கோ."

டாரல் முன்கதவைத் திறந்து, பெல்ட்டைக் கழற்றி, அப்பாவின் தொப்பியை எடுத்தான்; ஜாக்கெட்டை எடுத்தான். ஐஸ் பெட்டிக்குள் ஒரு கண்ணாடிப் பாத்திரம். போனது சதுரம். இது வட்டம். அடியில் டேப்: எல். ஹ்ருஷ்கா.

"நசுங்கின உடனே அவகிட்ட சொன்னேன், 'என் சாவி போச்சுடி'ன்னு. 'இருடி, அசையாதே'ன்னு உள்ள ஓடினா. நூடுல்ஸும் கோழியும். வழியில சாப்பிட்டுட்டேன், நல்லா இருந்துது. இனிமே நான் வண்டி ஓட்டக்கூடாதில்ல? நீ கொண்டுபோய்க் குடுத்துடு. வெறுமனே குடுக்காதே, என்ன? நல்லதா ஏதாவது சமைச்சு எடுத்துட்டுப் போ."

டாரல் ஒரு கையில் சாவியும் ஒரு கையில் பாத்திரமுமாக நின்றான். கியர்னிக்கு மேற்கே உள்ள உலகம் முழுவதும் அவன் கண்ணில் தெரிந்தது. தபாலில் அனுப்பலாம் என்று சொல்ல வாய் திறந்தான். அம்மா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். நாலாவது முறையாகத் தற்செயலாகப் போன மைலோ லாரியை மெதுவாக்கி ஒரு விரலைத் தூக்கினான். இரண்டு கையும் நிறைந்திருந்ததால் டாரலால் பதிலுக்குத் தூக்க முடியவில்லை. அதற்காகவே சாவியை அம்மாவிடம் கொடுத்தான் என்று அவன் இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறான்.

"இந்தப் பாத்திரம் போய்ச் சேர்ற வரைக்கும்தான்" என்றான்.

"அதுக்கப்புறம் நான் எதுக்குடா ஓட்டப்போறேன்" என்றாள் ஆர்டித்.

ஒரேகானுக்குப் போன் போட்டு, இது இரண்டு பேரின் திட்டம்தானா என்று லுயெட்டாவிடமும் சரிபார்த்தேன். "திட்டமா? எனக்கு என்னப்பா தெரியும், கோழி மிஞ்சியிருந்தது, போட்டுக் குடுத்தேன்" என்றாள். அவ்வளவு வேகமாக யாரும் உண்மை பேசுவதில்லை.

சோளம் அறுத்து, பனி பெய்து, பனி கரைந்துவிட்டது. வட்டப் பாத்திரம் ஆர்டித்தின் அலமாரியில், கழுவித் துடைத்து, காலியாக இருக்கிறது. நேற்று அவள் காரில் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, அதில் என்ன செய்து எடுத்துப்போகப் போகிறாள் என்று கேட்டேன்.

"அவசரப்படக்கூடாதுப்பா" என்றாள், பெல்ட்டை மாட்டிக்கொண்டே. "ரொம்ப யோசிச்சுத்தான் முடிவு பண்ணணும்."